வாக்குக் கொடுத்தவர் தடை கேட்கலாமா? மைக்ரோசாஃப்ட் – மோட்டோரோலா வழக்கு

2010 அக்டோபர் 21-ஆம் தேதி மோட்டோரோலாவிடமிருந்து மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கடிதம் போனது. எட்டு நாள் கழித்து, 29-ஆம் தேதி, இன்னொன்று. முதல் கடிதம் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையைப் பற்றியது. இரண்டாவது, வீடியோவைச் சுருக்கி அனுப்பும் எச்.264 தரநிலையைப் பற்றியது. இரண்டிலும் கேட்ட தொகை ஒன்றுதான்: விற்கும் பொருளின் விலையில் 2.25 சதவீதம். பொருள் என்றால் உள்ளே இருக்கும் சிப் அல்ல, மென்பொருளும் அல்ல. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டி முழுவதும், விண்டோஸ் ஓடும் மடிக்கணினி முழுவதும். பதில் சொல்ல 20 நாள் கெடு.

மைக்ரோசாஃப்ட் பதில் விலை எதுவும் சொல்லவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி சியாட்டிலில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. காப்புரிமை செல்லாது என்றோ, நாங்கள் அதை மீறவில்லை என்றோ சொல்லிக்கொண்டு போகவில்லை. மோட்டோரோலா ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனது. மறுநாளே மோட்டோரோலா விஸ்கான்சினில் காப்புரிமை வழக்குப் போட்டது. அதே மாதத்தில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் எக்ஸ்பாக்ஸ் இறக்குமதியைத் தடுக்கச் சொல்லி மனு. 2011 ஜூலையில் ஜெர்மனியின் மான்ஹைம் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. எல்லாவற்றிலும் மோட்டோரோலா கேட்டது தடை: விற்காதே, இறக்குமதி செய்யாதே.

இதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 அக்டோபர் 1-ஆம் தேதி, மோட்டோரோலாவின் ஆண்ட்ராய்டு போன்கள் தன் காப்புரிமைகளை மீறுகின்றன என்று மைக்ரோசாஃப்ட்தான் முதலில் வழக்குப் போட்டது. மோட்டோரோலாவின் கடிதங்கள் அதற்குப் பதிலடி என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் பதிலடிக்கு அது கையில் எடுத்த ஆயுதம் சாதாரணக் காப்புரிமை அல்ல. தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை. அதை எடுத்த இடத்தில்தான் இந்த வழக்கின் சட்டப் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

யாருக்குக் கொடுத்த வாக்கு

ஒரு தரநிலை உருவாகும்போது போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தத் தொழில்நுட்பத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கின்றன. முடிவாகும் வரை ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் மாற்று உண்டு. முடிவான பிறகு கிடையாது. வைஃபை வேண்டும் என்றால் 802.11 வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் யாருடைய காப்புரிமை இருக்கிறதோ அவர் கேட்டதைக் கொடுத்தாக வேண்டிய நிலை. இதைத் தடுக்கத்தான் தர அமைப்புகள் முன்கூட்டியே ஒரு வாக்குறுதிக் கடிதம் வாங்கி வைக்கின்றன. 802.11-ஐ உருவாக்கிய ஐஇஇஇ அமைப்புக்கும், எச்.264-ஐ வெளியிட்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கும் மோட்டோரோலா அப்படிக் கடிதங்கள் கொடுத்திருந்தது. சாரம் இதுதான்: உரிமம் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், எத்தனை பேராக இருந்தாலும், உலகம் முழுவதற்கும், பாகுபாடு இல்லாமல், நியாயமான நிபந்தனைகளில் கொடுப்போம். இதை அமெரிக்காவில் ராண்ட் என்றும் ஐரோப்பாவில் ஃப்ராண்ட் என்றும் சுருக்கிச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

இந்தக் கடிதங்களில் எது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "நியாயமான" தொகை எவ்வளவு என்று இல்லை. யார் அதை முடிவு செய்வது என்று இல்லை. பேச்சுவார்த்தை முறிந்தால் என்ன செய்வது என்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "தடையாணை கேட்க மாட்டோம்" என்ற வரி எங்கேயும் இல்லை.

முதல் கேள்வி, இது ஒப்பந்தமா? ஒப்பந்தம்தான் என்றால் மைக்ரோசாஃப்ட் அதில் எங்கே வருகிறது? கையெழுத்துப் போட்டது மோட்டோரோலா, வாங்கி வைத்தது தர அமைப்பு. 2012 பிப்ரவரி 27-ஆம் தேதி நீதிபதி ஜேம்ஸ் ராபார்ட் இதை முடித்துவைத்தார். மோட்டோரோலாவுக்கும் தர அமைப்புகளுக்கும் இடையில் இருப்பது செல்லத்தக்க ஒப்பந்தம். அந்தத் தரநிலையைப் பயன்படுத்துபவர்களின் நன்மைக்காகவே அது செய்யப்பட்டது. ஆகவே மைக்ரோசாஃப்ட் மூன்றாம் தரப்புப் பயனாளி; அதை நடைமுறைப்படுத்தக் கோரி வழக்குப் போட அதற்கு உரிமை உண்டு. மேல்முறையீட்டிலும் இந்த அடித்தளம் ஆடவில்லை.

மோட்டோரோலாவிடம் ஒரு பலமான வாதம் இருந்தது. உரிமம் வேண்டுபவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். அதைச் செய்யாமல் கோர்ட்டுக்கு ஓடியவர் பயனாளி என்ற தகுதியையே இழந்துவிட்டார் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2.25 சதவீதம் என்பது பேச்சைத் தொடங்கும் எண், அதற்கு ஒரு பதில் எண் சொல்லியிருக்கலாம் அல்லவா? ராபார்ட் இதை ஏற்கவில்லை. விண்ணப்பமும் பேச்சுவார்த்தையும் மோட்டோரோலாவின் கடமை தொடங்குவதற்கான முன்நிபந்தனை என்று கடிதங்களில் எழுதியில்லை என்றார். ஆனால் மைக்ரோசாஃப்ட் கேட்ட அளவுக்கும் அவர் போகவில்லை. முதல் கோரிக்கையே ராண்ட் அளவில் இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. அப்படி இல்லை, பேரம் என்றால் மேலும் கீழும் போகும், ஆனால் அந்த முதல் கோரிக்கைக்கும் நல்லெண்ணக் கடமை உண்டு, கண்மூடித்தனமாக ஒரு தொகையைக் கேட்க முடியாது என்றார். இரு தரப்பும் இழுத்த இழுப்புக்கு நடுவில் நிற்கும் இந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. உரிமம் கொடுப்பேன் என்று சொன்னவர் பேரம் பேசும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பேரத்தை ஒப்புக்காக நடத்தும் உரிமைதான் அவரிடம் இல்லை.

மான்ஹைமும் சியாட்டிலும்

வழக்கின் மிகக் கடினமான பகுதி 2012 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்தது. மான்ஹைமில் மோட்டோரோலா வைத்தது 2 ஐரோப்பியக் காப்புரிமைகள், இரண்டும் எச்.264 சம்பந்தப்பட்டவை. அங்கே தடையாணை கிடைத்தால் ஜெர்மனியில் எக்ஸ்பாக்ஸும் விண்டோஸ் 7-ம் விற்க முடியாது. தீர்ப்பு நாள் நெருங்க, மைக்ரோசாஃப்ட் சியாட்டிலில் ஓர் அவசர மனு போட்டது: ஜெர்மனியில் என்ன தீர்ப்பு வந்தாலும், அந்தத் தடையை மோட்டோரோலா செயல்படுத்தக் கூடாது என்று உத்தரவிடுங்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி ராபார்ட் தற்காலிக உத்தரவு கொடுத்தார். மைக்ரோசாஃப்ட் 10 கோடி டாலர் பிணை கட்டியது. மே 2-ஆம் தேதி மான்ஹைம் நீதிமன்றம் மோட்டோரோலாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துத் தடை விதித்தது. மே 14-ஆம் தேதி ராபார்ட் தன் உத்தரவை நீட்டித்தார்.

வெளியிலிருந்து பார்க்க இது ஒரு நாட்டு நீதிபதி இன்னொரு நாட்டு நீதிபதியின் தீர்ப்பைக் கால்மிதியாக்கியது போலத் தெரியும். மோட்டோரோலா அப்படித்தான் வாதிட்டது. ஜெர்மன் காப்புரிமையை ஜெர்மன் நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும், அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதில் என்ன வேலை?

2012 செப்டம்பர் 28-ஆம் தேதி, சியாட்டில் நீதிமன்றத்துக்கு மேலே இருக்கும் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. நீதிபதி மார்ஷா பெர்ஸோன் எழுதிய அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் படி படியாகப் பார்க்கலாம். வாக்குறுதி உலகம் முழுவதற்கும் கொடுக்கப்பட்டது. அதில் ஐரோப்பியக் காப்புரிமைகளும் அடக்கம். மோட்டோரோலாவின் அக்டோபர் கடிதமும் அவற்றைச் சேர்த்தே உரிமம் தருவதாகச் சொன்னது. இவ்வளவு விரிவான வாக்குறுதிக்குள், உரிமம் வேண்டுபவரைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் நடவடிக்கை எடுக்க மாட்டேன் என்ற உறுதியும் உள்ளடங்கியிருக்கிறது என்று குறைந்தபட்சம் வாதிடவாவது முடியும். அப்படியானால் தடையாணை பொருத்தமான நிவாரணமா என்பது ஒப்பந்தக் கேள்வி. ஒப்பந்தக் கேள்வி ஏற்கெனவே சியாட்டிலில் இருக்கிறது. ஜெர்மன் வழக்கு அதற்குப் பிறகு வந்தது. சியாட்டில் முடிவு சொல்லும் முன்பே ஜெர்மன் தடையைக் காட்டி மைக்ரோசாஃப்டைப் பணிய வைத்துவிட்டால், சியாட்டில் வழக்குக்கு அர்த்தமே இருக்காது.

இந்த உத்தரவு எவ்வளவு குறுகலானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனியில் வழக்கு நடத்தக் கூடாது என்று அது சொல்லவில்லை. காப்புரிமை மீறல் நடந்ததா என்று ஜெர்மன் நீதிபதி முடிவு செய்யலாம். நஷ்ட ஈடு கேட்கலாம், வாங்கலாம். மான்ஹைம் தடை தானாக அமலுக்கு வருவதும் இல்லை; மோட்டோரோலா பிணை கட்டி அதைச் செயல்படுத்தக் கேட்க வேண்டும். அந்த ஒரே ஒரு படியைத்தான் சியாட்டில் நிறுத்தியது. அதுவும் ஜெர்மன் நீதிமன்றத்தை நோக்கி அல்ல, தன் முன்னால் நிற்கும் அமெரிக்க நிறுவனத்தை நோக்கி.

இரண்டு நீதிமன்றங்களும் ஒரே கடிதத்தை வேறு விதமாகப் படித்தன என்பதும் உண்மை. மான்ஹைம் பார்வையில், தர அமைப்புக்குக் கொடுத்த அறிவிப்பு மைக்ரோசாஃப்டுக்கு உரிமம் ஆகிவிடாது. மூன்றாம் தரப்பு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஜெர்மனியில் அப்போது நடப்பில் இருந்தது 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஆரஞ்சு புத்தகத் தரநிலை விதி. அதன்படி தடையிலிருந்து தப்ப வேண்டுமானால், காப்புரிமையாளர் மறுக்க முடியாத ஒரு முன்மொழிவை, பயன்படுத்துபவர் நிபந்தனை இல்லாமல் வைக்க வேண்டும். சுமை முழுவதும் அவர் தலையில். அங்கே போட்டிச் சட்டத்தின் கண்ணாடி, இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணாடி. 2015 ஜூலையில் ஹுவாவே – இசட்டிஇ வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இரு தரப்புக்கும் படிப்படியான கடமைகளை விதித்த பிறகுதான் அந்தச் சுமை ஓரளவு சமமானது.

சென்ட் கணக்கு

மீறல் நடந்ததா என்று தெரிய, நியாயமான தொகை எது என்று முதலில் தெரிய வேண்டும். அளவுகோல் இல்லாமல் 2.25 சதவீதம் அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? 2012 நவம்பரில் ராபார்ட் ஜூரி இல்லாமல் இதை விசாரித்தார். 2013 ஏப்ரல் 25-ஆம் தேதி 207 பக்கத் தீர்ப்பு வந்தது.

எச்.264 தொகுப்புக்கு அவர் போட்ட தொகை, ஒரு பொருளுக்கு 0.555 சென்ட். அரை சென்டுக்குச் சற்று மேல். கணக்கு இப்படி வந்தது: பலரின் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து உரிமம் கொடுக்கும் எம்பெக் எல்ஏ என்ற கூட்டமைப்பில் மோட்டோரோலா சேர்ந்திருந்தால் அதன் பங்காகக் கிடைத்திருக்கக்கூடியது 0.185 சென்ட். கூட்டமைப்பில் சேருபவருக்கு மற்றவர்களின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் வசதியும் கிடைக்கிறது. அதன் மதிப்பைப் பங்கைப் போல இரண்டு மடங்கு என்று கொண்டு கூட்டினால் 0.555. வைஃபை தொகுப்புக்கு மூன்று அளவுகோல்களை எடுத்தார்: ஒரு கூட்டமைப்பின் விகிதத்திலிருந்து 6.114 சென்ட், வைஃபை சிப் விலையில் 1 சதவீதம் என்ற கணக்கிலிருந்து சுமார் 3.5 சென்ட், ஒரு பழைய மதிப்பீட்டு அறிக்கையிலிருந்து 0.8 சென்ட். மூன்றின் சராசரி 3.471 சென்ட். எக்ஸ்பாக்ஸ் ஒன்றுக்கு அதுதான்.

இப்போது மோட்டோரோலா கேட்டதை வைத்துப் பாருங்கள். 1,000 டாலர் மடிக்கணினிக்கு 2.25 சதவீதம் என்றால் 22.50 டாலர். அதே எச்.264, அதே மென்பொருள், 500 டாலர் மடிக்கணினியில் ஓடினால் 11.25 டாலர். வீடியோ சுருக்கும் வேலையில் எந்த மாற்றமும் இல்லை. திரையும் நினைவகமும் விலை கூடியதால் மட்டும் தொகை இரட்டிக்கிறது. 22.50 டாலரை 0.555 சென்டால் வகுத்தால் 4,000 மடங்குக்கு மேல் வருகிறது. பேரம் பேசத் தொடங்கும் எண் என்று சொல்லிக் கடந்துபோக முடியாத தூரம் இது.

தீர்ப்பில் என் மனதில் நின்ற இடம் வேறொன்று. விசாரணையின்போது மோட்டோரோலா எக்ஸ்பாக்ஸுக்குத் தன் வைஃபை தொகையை 1.15 முதல் 1.73 சதவீதம் என்று இறக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தரநிலையில் காப்புரிமை இருப்பதாக அறியப்பட்டவர்கள் குறைந்தது 92 பேர். அத்தனை பேரும் இதே விகிதத்தைக் கேட்டால், வைஃபை என்ற ஒரே ஒரு வசதிக்கான உரிமத்தொகை எக்ஸ்பாக்ஸின் முழு விலையைத் தாண்டிவிடும் என்று ராபார்ட் சுட்டிக்காட்டினார். "நியாயமான" என்ற சொல்லுக்கு ஒரு காப்புரிமையாளரை மட்டும் தனியாக நிறுத்தி அர்த்தம் காண முடியாது; வரிசையில் நிற்கும் அனைவரையும் சேர்த்துத்தான் காண வேண்டும். தரநிலையின் நோக்கமே எல்லாரும் பயன்படுத்துவதுதான் என்றால், இதைவிட நேரான வாதம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வழக்குப் போட்டதே மீறல்

2013 ஆகஸ்ட் கடைசியில் ஜூரி உட்கார்ந்தது. அதற்குள் மோட்டோரோலாவின் போன் வணிகத்தை வைத்திருந்த மோட்டோரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு கூகுள் வாங்கியிருந்தது. 2012 நவம்பரிலேயே ராபார்ட் இந்தக் காப்புரிமைகளை வைத்து மோட்டோரோலா தடை கேட்பதைத் தள்ளுபடி செய்திருந்தார்: மைக்ரோசாஃப்ட் நீதிமன்றம் சொல்லும் தொகைக்கு உரிமம் வாங்க ஒப்புக்கொண்டுவிட்டது, பணம் வந்துவிடும், பணத்தால் ஈடு செய்ய முடியாத தீங்கு என்று எதுவும் மிச்சமில்லை. 2013 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் கூகுளோடு ஓர் இணக்கத்துக்கு வந்து, இவ்வகைக் காப்புரிமைகளில் தடை கேட்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது.

ஜூரியிடம் வைத்த கேள்வி, மோட்டோரோலாவின் நடத்தை நல்லெண்ணக் கடமையை மீறியதா என்பது. கடிதங்களில் கேட்ட தொகை, கெடு, வழக்குகளின் தேதிகள், தொகையை நீதிமன்றம் சொல்லப்போகிறது என்று தெரிந்தும் தடைக்காக அலைந்தது எல்லாம் சேர்த்துப் பார்க்கப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் தேதி மீறல் நடந்தது என்று தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலர்.

அந்தத் தொகை எதற்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் தீர்ப்பின் கூர்மை தெரியும். சுமார் 1 கோடியே 15 லட்சம் டாலர், ஜெர்மனியில் இருந்த ஐரோப்பிய விநியோக மையத்தை மைக்ரோசாஃப்ட் அவசரமாக நெதர்லாந்துக்கு மாற்றிய செலவு. ஜெர்மன் தடை கடைசி வரை அமலாகவே இல்லை. ஆனாலும் அது வரும் என்ற பயத்தில் செய்த செலவுக்கு ஈடு. மீதி சுமார் 30 லட்சம் டாலர், தடை கேட்ட வழக்குகளை எதிர்கொள்ள ஆன வக்கீல் செலவு. அமெரிக்காவில் ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீல் செலவை அவரவர்தான் ஏற்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அந்த விதி ஏன் மாறியது? வழக்குப் போட்டதே ஒப்பந்த மீறல் என்றால், அந்த வழக்கின் செலவு மீறலால் வந்த நஷ்டம். செலவுத் தொகை என்ற தலைப்பில் அல்ல, நஷ்டம் என்ற தலைப்பில் அது வருகிறது.

இதற்கு எதிராக மோட்டோரோலா வைத்த வாதம் அரசியலமைப்பைத் தொட்டது. நீதிமன்றத்தை அணுகுவது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் காக்கும் உரிமை. நோயர்–பென்னிங்டன் கோட்பாட்டின்படி, வழக்குப் போட்டதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. 2015 ஜூலை 30-ஆம் தேதி ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் இதைத் தள்ளியது. அந்தக் கோட்பாடு ஒப்பந்தத்தை மீறுபவருக்குக் கவசம் ஆகாது. வழக்குப் போக மாட்டேன் என்று ஒருவர் தானாகவே ஒப்புக்கொண்டிருந்தால், அந்தச் சொல்லைக் காப்பாற்ற வைப்பது அவர் உரிமையைப் பறிப்பது ஆகாது. உரிமையைக் கைவிடுவதும் அவர் உரிமைதான். சமரச ஒப்பந்தங்கள் எல்லாம் நிற்பது இந்த நம்பிக்கையில்தான்.

மேல்முறையீடு எங்கே போனது என்பதும் ஒரு முக்கியமான விஷயம். காப்புரிமை வழக்குகளின் மேல்முறையீடு கூட்டாட்சி வட்டார நீதிமன்றத்துக்குத்தான் போகும். மோட்டோரோலாவும் அங்கேதான் போனது. இது ஒப்பந்த வழக்கு, காப்புரிமை வழக்கு அல்ல என்று சொல்லி அந்த நீதிமன்றமே இதை ஒன்பதாம் வட்டாரத்துக்கு அனுப்பிவைத்தது. மைக்ரோசாஃப்ட் வக்கீல்கள் 2010 நவம்பரில் மனுவுக்குத் தேர்ந்தெடுத்த வடிவம், ஐந்து ஆண்டு கழித்து யார் தீர்ப்பு எழுதுவது என்பது வரை தீர்மானித்தது.

2015 செப்டம்பர் 30-ஆம் தேதி கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்களுக்கு இடையிலான காப்புரிமை வழக்குகள் அனைத்தையும் சமரசமாக முடித்துக்கொண்டன.

எழுதாத வரியை எப்படிப் படிப்பது

தீர்ப்பு எனக்கு உடன்பாடானது. ஆனால் அதன் மையத்தில் ஒரு சிரமம் இருப்பதை மறைக்கக் கூடாது. தடை கேட்க மாட்டேன் என்ற உறுதி கடிதத்தில் எழுதப்படவில்லை. நீதிமன்றம் அதை உய்த்துணர்ந்தது. இன்னொரு நீதிபதி அப்படி உணராமல் போகலாம். போனார்கள். 2012 அக்டோபரில், விஸ்கான்சினில், ஆப்பிள் – மோட்டோரோலா வழக்கில் நீதிபதி பார்பரா கிராப் இதே மோட்டோரோலாவின் வாக்குறுதிகளைப் படித்தார். தடை கேட்பது காப்புரிமையாளரின் அடிப்படை உரிமை. அதை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒப்பந்தம் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கே சொல்லவில்லை என்றார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சொற்கள். ஒன்பதாம் வட்டாரத் தீர்ப்பு வந்து ஏறத்தாழ ஒரு மாதம்தான் ஆகியிருந்த நேரம்.

அதே வழக்கு இன்னொரு விஷயத்தையும் காட்டியது. தொகையை நீதிமன்றமே சொல்லட்டும் என்று கேட்ட ஆப்பிள், அது ஒரு போனுக்கு 1 டாலருக்கு மேல் போனால் கட்டுப்பட மாட்டோம் என்றது. விசாரணைக்குச் சற்று முன் கிராப் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மைக்ரோசாஃப்ட் எந்தத் தொகை வந்தாலும் ஏற்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தது. சியாட்டில் வெற்றியின் பாதி அந்த ஒற்றை ஒப்புதலில் இருக்கிறது என்பது என் கருத்து. வாக்குறுதி காப்புரிமையாளரின் கையைக் கட்டுகிறது என்றால், உரிமம் வாங்கத் தயார் என்று நிற்பவருக்காகத்தான் கட்டுகிறது. வாங்கவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன் என்பவருக்காக அல்ல. 2014-இல் ஆப்பிள் – மோட்டோரோலாவின் இன்னொரு வழக்கில் கூட்டாட்சி வட்டார நீதிமன்றமும், இவ்வகைக் காப்புரிமைகளுக்குத் தடையே கிடையாது என்று ஒரு பொது விதி இல்லை, ஆனால் தடை பெறுவது கடினம் என்று சொன்னது.

2013 மே மாதத்தில் ரியல்டெக் – எல்எஸ்ஐ வழக்கு வரம்பை இன்னும் தெளிவாக்கியது. காப்புரிமை வைத்திருந்த எல்எஸ்ஐ, உரிமத்துக்கான எந்த முன்மொழிவும் வைக்காமல் நேராக சர்வதேச வர்த்தக ஆணையத்துக்குப் போயிருந்தது. நீதிபதி ரொனால்ட் வைட் அதை ஒப்பந்த மீறல் என்றார். பேசிவிட்டுப் போ, பேசாமல் போகாதே என்ற அளவுக்கு எளிமையான வரம்பு அது.

சியாட்டில் உத்தரவின் குறுகலான எல்லையை மறந்தவர்கள் பின்னால் அதிகமானார்கள். நாட்டுக்கு நாடு வழக்குத் தடைகள் பறந்தன. 2020 செப்டம்பரில் இன்டர்டிஜிட்டல் – ஷாவ்மி தகராறில் சீனாவின் வூஹான் நீதிமன்றம், காப்புரிமை வைத்திருந்த இன்டர்டிஜிட்டல் உலகெங்கும் வழக்குத் தொடரத் தடை விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை எதிர்த்துத் தடை விதித்தது. 2022 பிப்ரவரியில் சீன நீதிமன்றங்களின் இந்தப் போக்கை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. ராபார்ட் நிறுத்தியது ஒரு தடையின் அமலாக்கத்தை. இவை வழக்குப் போடும் வாசலையே மூடின. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயம் அல்ல.

2024 அக்டோபர் 24-ஆம் தேதி எரிக்சன் – லெனோவா வழக்கில் கூட்டாட்சி வட்டார நீதிமன்றம் பழைய தர்க்கத்தை 5ஜி-க்கு நீட்டியது. கொலம்பியாவிலும் பிரேசிலிலும் எரிக்சன் இடைக்காலத் தடைகள் வாங்கியிருந்தது. நல்லெண்ணத்தோடு பேசும் கடமையை முதலில் நிறைவேற்றாதவரை தடை கேட்கும் தகுதி காப்புரிமையாளருக்கு இல்லை என்பதே ஃப்ராண்ட் வாக்குறுதியின் பொருள் என்று நீதிமன்றம் கொண்டது. எரிக்சன் அந்தக் கடமையை நிறைவேற்றியதா என்று பார்க்கக் கீழ்நிலை நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

இத்தனை ஆண்டு நீதிமன்றங்கள் அனுமானித்துக்கொண்டிருக்கும் வரியை எழுதும் அதிகாரம் தர அமைப்புகளிடம் இருக்கிறது. ஐஇஇஇ ஒருமுறை எழுதியது. 2015-இல் அது திருத்திய காப்புரிமைக் கொள்கைப்படி, உரிமம் வாங்கத் தயாராக இருப்பவருக்கு எதிராக, தொகை குறித்த வழக்கு முதல் மேல்முறையீடு வரை முடியாமல் தடை கேட்கக் கூடாது. காப்புரிமை வைத்திருந்த பல பெரிய நிறுவனங்கள் கொதித்தன. சில, புதிய சொற்களில் கடிதம் கொடுக்க மறுத்தன. 2022-இல் ஐஇஇஇ அந்தக் கொள்கையை மீண்டும் தளர்த்தியது. 2023 ஜனவரி 1 முதல் தளர்ந்த வடிவம் நடப்புக்கு வந்தது.

அந்தப் பின்வாங்கல் எனக்கு வருத்தம்தான். 2015 வரிகளில் குறை இருந்தது: முதல் மேல்முறையீடு வரை என்றால் பல ஆண்டுகள், அதுவரை பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பவருக்கு என்ன தண்டனை என்று அதில் பல் இல்லை. அதைச் சரிசெய்ய வழி இருந்தது. தகராறு முடியும் வரை ஓர் இடைக்காலத் தொகையைப் பிணையாகக் கட்டச் சொல்லியிருக்கலாம். நீதிமன்றமோ நடுவரோ சொல்லும் தொகைக்குக் கட்டுப்படுவதாக எழுத்தில் கொடுப்பவருக்கு மட்டும் பாதுகாப்பு என்று வைத்திருக்கலாம். எத்தனை நாளில் முன்மொழிவு, எத்தனை நாளில் பதில் என்று கெடு போட்டிருக்கலாம். மோட்டோரோலாவின் 20 நாள் கெடுவும் மைக்ரோசாஃப்டின் மௌனமும் அப்படியொரு வரி இருந்திருந்தால் அடிபட்டுப் போயிருக்கும். இப்போது கையெழுத்தாகும் 6ஜி வாக்குறுதிகளுக்கும் இதே மூன்று இடங்கள்தான் காலியாகக் கிடக்கின்றன.